கண்ணளவுத் தலைவர்

மால்கம் கார்சைட் நடுவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். சனிக்கிழமை காலை பத்து மணி. விடிய விடியப் பெய்த மழையில் எங்கள் ஸ்கெல்பி டவுன் மைதானம் ஊறிக் கிடக்கிறது. மூன்று மணிக் கால்பந்து ஆட்டத்தைத் தரை தாங்குமா என்று பார்த்துச் சொல்ல நடுவர் வந்திருக்கிறார். மால்கம் அவரை வடக்குக் கோல் வரை கூட்டிப்போய், அங்கிருந்து ஓரமாகவே வளைத்து, நடுவட்டத்தை லேசாகத் தொட்டு, தேநீர்க் கொட்டகையில் கொண்டுவந்து சேர்த்துவிடுவார். எங்கே கால் வைத்தால் தண்ணீர் மேலே வராது என்பது அவருக்கு அத்துப்படி. நடக்கும்போது பேச்சும் ஓயாது. "அம்மாவுக்கு இடுப்புல ஆபரேஷன் ஆச்சே, இப்ப எப்படித் தம்பி நடக்கிறாங்க?" நடுவர் தன் அம்மாவின் இடுப்பைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் சூடான கோப்பை கைக்கு வந்துவிடும். தெற்குக் கோலுக்கு முன்னால் இரண்டு வாத்துகள் இறங்கியிருப்பதை அவர் பார்த்திருக்கவே மாட்டார்.

தொலைக்காட்சியில் வருகிற அணிகளிலிருந்து லீக் வரிசையில் எட்டுப் படி கீழே இறங்கி வந்தால் எங்களைப் பார்க்கலாம். நூற்றி நாற்பது பேர் வருவார்கள். கூடவே நாலைந்து நாய்களும் வரும். நான் சுழல் கதவுக் கூண்டில் உட்கார்ந்து பதினான்கு வருடமாக டிக்கெட் கிழிக்கிறேன். மால்கம் தலைவராகிப் பத்தொன்பது வருடம். அவரை யாரும் தேர்ந்தெடுத்ததாக எனக்கு நினைவில்லை. பழைய தலைவர் இறந்த வாரம் குளியலறைக் குழாய் வெடித்தது. குழாய் வேலைக்காரர் என்பதால் மால்கமைக் கூப்பிட்டார்கள். வந்தவர் திரும்பிப் போகவில்லை.

அவருக்கு இப்போது அறுபத்தேழு வயது. தடித்த கழுத்து, சிவந்த முகம், கோடையிலும் கழற்றாத நீலக் கம்பளித் தொப்பி. கிளப் டையை வேலைச் சட்டைக்கு மேலேயே கட்டிக்கொள்வார். டையின் நுனியில் எப்போதும் குழாய்ப் பசை ஒட்டியிருக்கும். எதிரணிக் கமிட்டிக்காரர்களுக்கு இடைவேளையில் பன்றி இறைச்சி அடைத்துச் சுட்ட பெரிய அப்பத்தை அவரே வெட்டிப் பரிமாறுவார். நாங்கள் தோற்றுக்கொண்டிருந்தால் துண்டு சின்னதாகிவிடும்.

மால்கம் வாழ்நாளில் அளவு நாடா வாங்கியதில்லை. "டேப் எதுக்கு? ஆண்டவன் ரெண்டு கண்ணு எதுக்குக் குடுத்தான்?" என்பார். கிளப்பில் பாதிக் கட்டுமானம் அவர் கண்ணளவில் எழுந்ததுதான். மதுக்கடை அலமாரியில் கிளாஸ்கள் தாமாகவே இடதுபக்கம் நகர்ந்து ஒன்று கூடும். மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் கொட்டகையை லீக்கிலிருந்து வந்த அதிகாரி அளந்து பார்த்துவிட்டு, கூரை நாலு விரல்கடை தாழ்வு என்றார். மால்கம் அசரவில்லை. "எங்க பசங்க குட்டை சார். போதும்." அந்த அதிகாரியும் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கண்ணளவு இப்படித்தான் பல வருடம் அவரைக் காப்பாற்றியது. காப்பாற்றக் காப்பாற்ற அவருக்கு அதன்மேல் நம்பிக்கை ஏறிக்கொண்டே போனது.

அந்தக் கண்ணளவுக்கு எதிராக கிளப்பில் ஒரே ஒரு ஆள் இருந்தார். அவர் எங்கள் செயலாளர் ஜாய்ஸ் பிக்கரிங். பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இருபத்தாறு வருடமாக ஆட்டக்காரர் பதிவு, தடை, கடிதம், பட்டியல் எல்லாம் அவர் கையில் இருந்தது. எதையும் மூன்று முறை எண்ணுவார். எண்ணி முடித்ததும் பென்சிலால் ஒரு சிறு புள்ளி வைப்பார். மால்கம் ஏதாவது அடித்துவிட்டால் தலையைத் தூக்காமலே, "எழுதி வெச்சிருக்கேன், காட்டட்டுமா?" என்பார். "இந்தப் பொம்பளைய வெச்சுக்கிட்டு நிம்மதியா ஒரு பொய் சொல்ல முடியலையே!" என்று மால்கம் ஊருக்கே கேட்கும்படி புலம்புவார். அந்தப் புலம்பலில் அவருக்கு இருந்த சந்தோஷம் எனக்குத் தெரியும். சனிக்கிழமை மதியம் அந்தச் சண்டை காதில் விழாவிட்டால் ஆட்டம் ரத்தோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

போன பிப்ரவரியில் வந்தது வினை. எங்கள் கோல் அடிப்பவன் கானர் டில்க்ஸ். வாரமெல்லாம் கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிறவன். நல்ல கால், கெட்ட கோபம். ஒருவனை எட்டி உதைத்துச் சிவப்பு அட்டை வாங்கினான். மூன்று ஆட்டங்களுக்குத் தடை. இரண்டு ஆட்டங்கள் அவன் பார்வையாளர் ஸ்டாண்டில் உட்கார்ந்து முடிந்தன. மூன்றாவது ஆட்டத்தில் நாலேகால் மணி வாக்கில் ஆற்றிலிருந்து மூடுபனி ஏறி வந்தது. முதலில் எதிர்க் கோல் மறைந்தது. பிறகு நடுவட்டம் மறைந்தது. எங்கள் கோல் காப்பவன் தனியாக நின்றுகொண்டு, "யாராவது இருக்கீங்களா?" என்று கத்தினான். அறுபத்தெட்டாவது நிமிடத்தில் நடுவர் ஆட்டத்தை நிறுத்தி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜாய்ஸ் அலுவலக அறையில் மறுநாள் ஆட்டக்காரர் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தார். சுழல் கதவுக்குப் போட எண்ணெய் டப்பா தேடி நானும் அங்கே நின்றேன். மால்கம் வந்து பட்டியலை எட்டிப் பார்த்தார்.

"கானர் பேரு எங்க?"

"அவனை நாளைக்குப் போட முடியாது மால்கம். பாதியில நின்ன ஆட்டம் தடைக் கணக்குல சேராதுன்னு நெனைக்கிறேன். திங்கக்கிழமை லீக் ஆபீஸ் தொறந்ததும் போன் பண்ணிக் கேட்டுடறேன்."

"திங்கக்கிழமை கேட்டு என்ன பண்றது? ஆட்டம் நாளைக்கு."

"அதனாலதான் நாளைக்கு வேண்டாங்கிறேன்."

"அறுபத்தெட்டு நிமிஷம் அவன் அந்தக் குளிர்ல ஒக்காந்து வெறைச்சுப் போயிருக்கான் ஜாய்ஸ். தொண்ணூறுல அறுபத்தெட்டு! கண்ணை மூடிக்கிட்டு முழு ஆட்டம்னு சொல்லிடலாம். பேரை எழுது."

"அடியில இருக்கறது என் கையெழுத்து."

"தலைவர் நான் சொல்றேன்ல? ஏதாவது வந்தா நான் பாத்துக்கறேன். எழுதும்மா."

ஜாய்ஸ் எழுதினார். பென்சில் புள்ளி மட்டும் வைக்கவில்லை. மறுநாள் கானர் இரண்டு கோல் போட்டான், நாங்கள் ஜெயித்தோம். மால்கம் மதுக்கடை மேசைமேல் ஏறி ஆடினார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து மேசையைப் பிடித்துக்கொண்டோம், அதுவும் அவர் கண்ணளவில் செய்ததுதான்.

மூன்று வாரம் கழித்து எதிரணி புகார் கொடுத்தது. ஜாய்ஸ் சொன்னதுதான் விதி. ஏப்ரலில் விசாரணைக்கு வரச் சொன்னார்கள். மால்கமின் வேன் பழுதாகிக் கிடந்ததால் நான்தான் இருவரையும் காரில் அழைத்துப் போனேன். போகும் வழியெல்லாம் மால்கம் வேறு எதையெதையோ பேசினார். வயலில் நிற்கும் ஆடுகளின் எடையைக்கூடக் கண்ணளவில் சொன்னார்.

சின்ன அறை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் தேநீர்க் கெண்டியும் ஒரு தட்டு பிஸ்கட்டும் இருந்தன. நடுவில் இருந்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இந்தப் பட்டியலுக்கு யாருங்க பொறுப்பு?" என்று கேட்டார்.

ஜாய்ஸ் திரும்பி மால்கமைப் பார்த்தார். அதிக நேரம் இல்லை, ஒரு வாய் தேநீர் குடிக்கிற நேரம். மால்கம் பிஸ்கட் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருடத்தில் ஒரு கேள்விக்கு அவர் பதில் சொல்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

"செயலாளர் நான். கணக்கு என்னோடது" என்றார் ஜாய்ஸ்.

"தெரிஞ்சே போட்டீங்களா?"

"இல்லைங்க. எண்ணினதுல தப்பு."

அப்போது மால்கமின் கை அசைந்தது. பிஸ்கட் தட்டை ஜாய்ஸ் பக்கமாக மெல்ல நகர்த்திவைத்தார். ஜாய்ஸ் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமைப் பேச்சைக் கேட்ட மூன்றாவது ஆளான நானும் கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன். நானும் எழுந்திருக்கவில்லை. மால்கமைப் பற்றி எழுதுகிறவன் இதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

மூன்று புள்ளிகளை வெட்டினார்கள். இரண்டு வாரம் கழித்து லீக் முடிந்தபோது ஒரே ஒரு புள்ளி குறைந்து நாங்கள் ஒரு படி கீழே இறங்கினோம். மறுநாளே ஜாய்ஸ் சாவிக்கொத்தை ஓர் உறையில் போட்டு என் கூண்டின் சந்து வழியாகத் தள்ளிவிட்டுப் போய்விட்டார்.

ஊர் சும்மா இருக்குமா? இருபத்தாறு வருடம் ஒரு பிழை இல்லாமல் எழுதியவரை ஒரே வாரத்தில் எண்ணத் தெரியாதவர் ஆக்கிவிட்டது. கடையில் பால் வாங்கப் போனால், "மூணு வரைக்கும் எண்ண வந்துடுமா ஜாய்ஸ்?" என்று கேட்டார்கள். யாரோ ஒருவன் குழந்தைகள் எண்ணிப் பழகும் மணிச்சட்டத்தைக் கமிட்டி அறைக் கதவில் ஆணியடித்து மாட்டினான். மால்கம் அதைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். மாட்டியது யார் என்று விசாரிக்கவில்லை. விசாரித்தால் பேச வேண்டிவரும்.

ஒரு நாள் நான் நேராகவே கேட்டுவிட்டேன். மைதானத்தில் கோடு போடும் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"எப்ப சொல்லப்போற மால்கம்?"

வண்டியை நிறுத்தாமலே பதில் சொன்னார். "சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமா லெஸ்? தலைவனே தெரிஞ்சு போடச் சொன்னான்னு தெரிஞ்சா மூணு புள்ளியோட விட்டிருக்க மாட்டாங்க. கிளப்பையே தூக்கி வெளிய போட்டிருப்பாங்க. அவ அதை யோசிச்சுத்தான் அப்படிச் சொன்னா. புத்திசாலி அவ."

இருக்கலாம். ஜாய்ஸ் அப்படி யோசித்திருக்கக்கூடியவர்தான். ஆனால் அந்த அறையில் மால்கம் வாயை மூடிக்கொண்டது கிளப்பை நினைத்தா, தன்னை நினைத்தா என்பது அவருக்கே தெரியும். கோடு அன்று கோணலாகப் போனது. அழித்துவிட்டு மறுபடி போட்டார். அதுவும் கோணல்தான்.

ஜூன் மாதம் ஒரு நாள் மால்கம் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜாய்ஸ் வீட்டுக்குப் போயிருக்கிறார். சமையலறைக் குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்க வந்தேன் என்றாராம். குழாய் ஒழுகவில்லை. ஆனாலும் அதைக் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டியிருக்கிறார். ஜாய்ஸ் தேநீர் போட்டுக் கொடுத்திருக்கிறார். இருவரும் குடித்து முடித்த பிறகு, "தண்ணி வேகம் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு மால்கம் எழுந்து வந்துவிட்டார். இதை அவரே என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றி உள்ளே எதையோ தேடுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

செயலாளர் வேலைக்கு வேறு யாரும் வரவில்லை. மால்கமே பார்த்துக்கொண்டார். பதிவெல்லாம் இப்போது கணினியில். கடவுச்சொல்லை ஒரு சிகரெட் அட்டையில் எழுதிவைத்திருந்தார், அந்த அட்டை எங்கே என்பதுதான் அவருக்குத் தெரியாது. ஆட்டக்காரர் பட்டியலைக் கையால் எழுதி, கண்ணளவில் சரிபார்த்துக்கொண்டார்.

ஆகஸ்டில் புது லீக்கின் முதல் ஆட்டம். கிரிக்கெட்டுக்கு ஏற்ற வெயில். இரண்டு மணிக்கு என் கூண்டுக்கு முன்னால் ஜாய்ஸ் வந்து நின்றார். பச்சைக் கம்பளிச் சட்டை, மடியளவு கைப்பை. ஏழு பவுண்டை எண்ணித் தட்டில் வைத்தார்.

"உனக்குப் பாஸ் இருக்கே ஜாய்ஸ்."

"அது கமிட்டிக்கு. நான் பார்க்க வந்தவ."

வரிசையில் பின்னால் நின்ற டிரெவர் ஊஸ்னம், இறைச்சிக் கடைக்காரர், வாய்க்குப் பூட்டில்லாதவர், "லெஸ், சில்லறையை நீ ஒரு தடவை எண்ணிடு! அவளுக்கு அதெல்லாம் வராது" என்றார். வரிசை சிரித்தது. கதவுக்கு உள்ளே மால்கம் வழக்கம்போல் வருகிறவர்களுக்குக் கைகொடுத்துக்கொண்டு நின்றார். எந்தக் கேலிக்கும் அவரிடம் பதில் கேலி ஒன்று இருக்கும். அன்று டையின் நுனியிலிருந்த பசையைச் சுரண்டத் தொடங்கினார். ஜாய்ஸ் அவரைத் தாண்டிப் போய் ஸ்டாண்டில் தன் பழைய மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்.

கால் மணி நேரம் கழித்து மால்கம் படியேறி வந்தார். நான் அப்போது கூண்டைப் பக்கத்து ஆளிடம் விட்டுவிட்டு ஸ்டாண்டின் ஓரத்தில் நின்றேன். நடுவரிடம் கொடுக்க வேண்டிய ஆட்டக்காரர் பட்டியல் மால்கம் கையில் இருந்தது. ஆட்டத்துக்கு முன்னால் அவர் ஸ்டாண்டில் ஏறுவதே கிடையாது, அதனால் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஜாய்ஸ், இதைக் கொஞ்சம் பாரேன்."

"எதுக்கு? நான் இப்ப செயலாளர் இல்லையே."

"தெரியும். பாரு."

ஜாய்ஸ் கொஞ்ச நேரம் அந்தத் தாளை வாங்கவில்லை. பிறகு கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வாங்கினார். விரல் ஒவ்வொரு பெயராக இறங்கியது. ஒன்பதாவது பெயரில் நின்றது.

"கானருக்கு ஏப்ரல் கடைசி ஆட்டத்துல சிவப்பு அட்டை குடுத்தாங்க. கோடை வந்துட்டா தடை கரைஞ்சு போயிடாது மால்கம். இன்னைக்கும் அது இருக்கு."

மால்கம் தாளைத் திரும்ப வாங்கிக் கைப்பிடிக் கம்பியின்மேல் வைத்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, கானர் பெயரை அழுத்தி அடித்தார். தாள் ஓரிடத்தில் கிழிந்தது.

மேல் வரிசையிலிருந்து டிரெவரின் குரல் வந்தது. "என்ன தலைவரே, கானர் இல்லாம ஆடறதா? இவ எண்ணி எண்ணித்தான போன சீசன்ல நம்மளக் கீழ எறக்கினா!"

மால்கம் திரும்பினார். கழுத்திலிருந்து சிவப்பு ஏறி முகத்தை நிறைத்தது.

"போன சீசன்லயும் இவ இதேதான் சொன்னா டிரெவர். வெள்ளிக்கிழமையே சொன்னா, அவனைப் போடாதேன்னு. போடுன்னு சொன்னவன் நான். நான் பாத்துக்கறேன்னு சொன்னவனும் நான். அப்பறம் அந்த விசாரணையில இவ பழிய ஏத்துக்கிட்டப்ப, பக்கத்துல ஊமையா ஒக்காந்திருந்தவனும் நான்தான்."

எங்கோ ஒரு நாய் குரைத்தது, அதை யாரோ அதட்டினார்கள். டிரெவர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டார்.

ஜாய்ஸ் மைதானத்தைப் பார்த்தபடியே பேசினார். "இதை ஏப்ரல்ல சொல்லியிருக்கணும்."

"ஆமா."

"அந்த ரூம்ல சொல்லியிருக்கணும். நான் உன்னைப் பார்த்தேனே."

"பார்த்த ஜாய்ஸ். எனக்குத் தெரிஞ்சுது."

பட்டியலின் அடியில் செயலாளர் கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது. மால்கம் தாளை ஜாய்ஸின் பக்கத்து இருக்கையில் மெதுவாக வைத்தார். பேனாவை அவரிடம் நீட்டினார். ஜாய்ஸ் கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் போட்டு மூடினார். கூட்டைக் கைப்பைக்குள் வைத்தார். கைப்பையை மடியில் இருத்தி இரண்டு கைகளையும் அதன்மேல் கோத்துக்கொண்டார். கீழேயிருந்து நடுவர் கடிகாரத்தைக் காட்டி, "தலைவரே, பட்டியல்!" என்று கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். மால்கம் திரும்பவில்லை. தொப்பிக்கு அடியிலிருந்து வியர்வை கன்னத்தில் இறங்கியது, அதையும் துடைக்காமல் பேனாவை நீட்டியபடியே நின்றார்.